திருவேற்காட்டுக் குளியலறைகளில் பன்றிமுடி பிரஷும் பிடிவெடிப்பும்: ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

சலூனில் நாள் முழுக்க வருகிறவன் போகிறவன் முகத்தையெல்லாம் தேய்க்கிற சவர பிரஷ் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. வீட்டில் ஒரே ஒரு முகத்தை, அதுவும் முகத்துக்குரியவருக்கு மனசு வந்தால் மட்டும் தேய்க்கிற பிரஷ், அடுத்த ஆடி வருவதற்குள் பிடியில் கீறல் விட்டு, முடி கொட்டி, ஜன்னல் கம்பியின் இடுக்கைத் துடைக்கப் போய்விடுகிறது. குறைவாக உழைப்பது சீக்கிரம் கெடுவது ஏன்? இந்தக் கேள்வியைச் சிலர் அரசு அலுவலகங்களை முன்வைத்து அணுகியிருக்கிறார்கள். இவ்வாய்வு பிரஷை முன்வைத்து அணுகுகிறது.

ஆய்வு எல்லை

திருவேற்காடு மட்டும். வேலப்பன்சாவடியைத் தாண்டினால் பயணப்படி கேட்க வேண்டியிருக்கும், கொடுப்பார் இல்லை.

களத் தேர்வு

நான் குடியிருக்கும் ஊர் என்பதால் இதைத் தேர்ந்தேன் என்று சிலர் நினைக்கலாம். அது துணைமைக் காரணம். முதன்மைக் காரணம் தாவரவியல் சார்ந்தது. சம்பந்தர் பாடிய வேதபுரீசுவரர் கோயிலின் தலமரம் வெள்வேலம். வேதங்களே இங்கே வேலமரங்களாக நின்று ஈசனை வழிபட்டன என்பது தலபுராணம். வேலமரமோ காலங்காலமாக வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் மண்வெட்டிக் காம்புக்கும் போன சாதி. அடியும் இழுப்பும் தாங்கி நிற்கிற மரத்தைத் தெய்வமாக வைத்திருக்கும் ஊரில், அரைச் சாண்கூட இல்லாத ஒரு பிரஷ் பிடி வெடிக்கிறது என்றால், ஆய்வாளனுக்கு வேறு களம் எதற்கு?

இவ்வூரில் பிறந்த மூர்க்க நாயனார், அடியார்க்கு அமுதளிக்கச் சூதாடிப் பொருள் சேர்த்தவர். ஆட்டத்தில் ஏமாற்ற வந்தவர்களைச் சுரிகையால் குத்தியவர். பெரியபுராணம் அவருடைய சுரிகையைச் சொல்கிறதே தவிர சவரக் கத்தியைச் சொல்லவில்லை. எனவே நாயனார் தாடி வைத்திருந்தார் என்று ஒரு சாராரும், நாவிதர் வீடு தேடி வந்தார் என்று மறு சாராரும் வாதிட இடமிருக்கிறது. இரு சாராரும் இனிமேல்தான் தோன்ற வேண்டும்.

அறிவியல் ஆய்வென்றால் ஒப்பீட்டுக்கு ஒரு கூட்டம் வேண்டும். அதற்கும் வெளியூர் போக வேண்டியதில்லை. தேவி கருமாரியம்மன் கோயிலில் மொட்டை போடுகிற இடத்தில் பிரஷே கிடையாது. தலையில் தண்ணீரை அள்ளித் தேய்த்து, புது பிளேடை மாட்டி, ஒரே இழுப்பு. சோப்பும் இல்லை, நுரையும் இல்லை. 2021 செப்டம்பரிலிருந்து அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணமும் இல்லை. பிரஷ் இல்லாத இடத்தில் பிடிவெடிப்பு அறவே இல்லை என்பது இவ்வாய்வின் முதல் முடிவாகப் பதிவு செய்யப்படுகிறது.

முன்னோர் கருத்து

எந்த ஆய்வேடும் சங்க இலக்கியத்தைத் தொடாமல் கரையேற முடியாது. நல்லவேளையாக நமக்கு ஒரு பாட்டு கிடைக்கிறது. நற்றிணையின் 98-ஆம் பாட்டு, உக்கிரப் பெருவழுதி என்ற பாண்டியன் பாடியது. தினைப்புனத்தை மேய வந்த காட்டுப்பன்றி, பல்லி சொன்னதைக் கேட்டுச் சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போகிறது. நமக்குப் பல்லி முக்கியமில்லை. அந்தப் பன்றியின் பிடரியில் இருக்கும் பருத்த மயிரை முள்ளம்பன்றியின் முள்ளுக்கு ஒப்பிடுகிறான் அரசன். பிரஷ் கட்டுகிறவர்கள் இன்றும் முதல்தரச் சரக்கு என்று பொறுக்கி எடுப்பது பிடரியிலும் முதுகுத்தண்டின் மேலும் வளரும் முடியைத்தான். வயிற்றுப் பக்கத்து முடி மெல்லியது, தொய்வது. ஒரு பேரரசன் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே சரியான இடத்தைப் பார்த்து வைத்திருக்கிறான். சவரம் செய்துகொண்டே பாடினானா என்பதை உரையாசிரியர்கள் கவனிக்காமல் விட்டது நம் தீவினை.

வள்ளுவர் வழியில் உதவி கிடைக்காது. ஒரு மயிர் போனாலும் உயிரை விட்டுவிடும் கவரிமாவை மானத்துக்கு உவமையாக்கினார் அவர். அப்படிப்பட்ட மிருகத்தை வைத்துக்கொண்டு பிரஷ் தொழில் நடத்த முடியாது. பன்றி அந்த அளவுக்கு மானம் பார்ப்பதில்லை. உலகம் அதற்குக் கடமைப்பட்டிருக்கிறது.

முடியியல்

பன்றி முடியின் சிறப்பு அதன் நுனியில் இருக்கிறது. மனிதன் தலையில் நுனி பிளந்தால் எண்ணெய் விற்கிறவன் பிழைத்தான். பன்றி முடியில் நுனி இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்திருப்பதுதான் தகுதி. பிளவுகளுக்கு இடையில் தண்ணீரும் சோப்பும் தங்கும். பெயின்ட் அடிக்கிறவர்கள் இந்த முடியை விரும்புவதும் இதற்காகவே. பழகப் பழக நுனிகள் மேலும் பிளந்துகொண்டே போகும். அதனால் முதல் வாரம் கன்னத்தில் தென்னந்துடைப்பம் போட்டதுபோல் இருக்கும் பிரஷ், இரண்டு மூன்று மாதத்தில் பூனைக்குட்டி ஆகிவிடும். பலர் அந்த முதல் வாரத்திலேயே பிரஷைக் கைவிட்டுவிடுகிறார்கள். கல்யாணங்களுக்கு இருக்கிற பொறுமை பிரஷ்களுக்குக் கிடைப்பதில்லை.

முடியின் அடிப்பக்கம் தடித்தது. முடிகளைக் கொத்தாகச் சேர்த்து அடியைப் பசையில் தோய்த்துக் குஞ்சமாக்கி, பிடியில் குடைந்த குழிக்குள் உட்கார வைத்தால் பிரஷ். இந்தக் குழியின் விளிம்புதான் நம் நாடகத்தின் அரங்கம் என்பதை வாசகர் நினைவில் வைக்க வேண்டும்.

இந்தியப் பன்றி முடிக்கு உலகச் சந்தையில் நெடுநாள் மதிப்பு உண்டு. கான்பூர் அதன் பெரிய சந்தை. உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்திலுள்ள ஷேர்கோட்டில் பிரஷ் கட்டுவதே ஊர்த்தொழில். ஏற்றுமதியாகும் முடியை நீளம், நிறம், விறைப்பு பார்த்துப் பிரித்து அக்மார்க் முத்திரை குத்துகிற ஏற்பாடும் இருந்தது. தேனுக்கும் நெய்க்கும் குத்துகிற அதே அக்மார்க்தான். நம் ஊரில் ஒருவனைப் பார்த்து “அக்மார்க் அயோக்கியன்” என்று சொல்லும்போது முத்திரையின் வீச்சு எவ்வளவு பெரியது என்பதை உணராமலே சொல்கிறோம்.

வாங்கியது பன்றி முடிதானா என்று சந்தேகம் வந்தால் ஒரு முடியைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டலாம். பன்றி முடி, தலைமுடி கருகுகிற வாடையோடு பொசுங்கி விரலில் தூளாகும். நைலான் உருகிச் சுருண்டு கடைசியில் ஒரு சின்ன மணியாக நிற்கும். இந்தச் சோதனையை வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரத்தில் செய்வது நல்லது. நான் செய்தபோது வாடை பூஜை அறை வரைக்கும் போய், விவரம் அம்மாவின் காதுக்கு எட்டிவிட்டது.

“ஏன்டா, அம்மன் ஊருல இருந்துக்கிட்டு பன்னி முடிய பாத்ரூம்ல வச்சிருக்கியா?”

வராக அவதாரத்தை எடுத்துச் சொன்னேன். திருவிடந்தையில் பெருமாள் வராக மூர்த்தியாகவே நிற்பதையும் சுட்டிக்காட்டினேன்.

“பெருமாள் பூமியத் தூக்கினாரு. உன் மூஞ்சிக்கு சோப்பா போட்டாரு?”

இந்த மறுப்புக்கு ஆய்வுலகில் பதில் இல்லை. பிரஷ் அன்றிலிருந்து தனி டம்ளரில், தனித் தட்டில் இருக்கிறது. அம்மாவின் கவலையைச் சிரித்துத் தள்ளவும் முடியாது. மலேசியாவில் பன்றி, நாய் ஆகியவற்றின் எந்தப் பாகத்தைக் கொண்டு செய்த பொருளானாலும் அதைக் குறித்தே விற்க வேண்டும் என்று 2013-இல் ஆணை போட்டிருக்கிறார்கள். 2017-இல் கடை கடையாகப் போய்ப் பெயின்ட் பிரஷ்களைப் பறிமுதல் செய்தார்கள். அங்கே பெயின்ட் கடை வைத்திருக்கும் தமிழர்களுக்கு இது ஆய்வுப் பொருள் அல்ல, அன்றாட வியாபாரம்.

ஒரு கிளைக்கதை: சவரம் செய்யப் போய்ச் செத்தவர்கள்

பிரஷைப் பற்றி விளையாட்டாக எழுதுகிறவனும் ஒரு பக்கம் விளையாட்டை நிறுத்த வேண்டியிருக்கிறது. முதல் உலகப் போரில் நச்சுவாயு வந்தது. அதைத் தடுக்க முகமூடி வந்தது. முகமூடி முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டுமானால் தாடி கூடாது. சிப்பாய்கள் அத்தனை பேரும் மழிக்க வேண்டும், அத்தனை பேருக்கும் பிரஷ் வேண்டும். வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற பிராணியின் முடிதான் அன்றைக்கு உயர்ந்த சரக்கு. போரில் அதன் வரத்து சுருங்கியதும், குதிரை முடிக்குச் சாயமேற்றி பேட்ஜர் போலக் கட்டி விற்றார்கள். ஆசியாவிலிருந்து போகும் முடி முன்பெல்லாம் ஜெர்மனி, பிரான்ஸ் வழியாகக் கிருமி நீக்கம் ஆகித்தான் மற்ற நாடுகளுக்குப் போகும். சண்டையில் அந்த வழி அடைபட்டது. கழுவாத முடியோடு ஆந்த்ராக்ஸ் கிருமியும் கப்பல் ஏறியது. நம் கால்நடை வைத்தியர்கள் அடைப்பான் என்று சொல்லும் அதே நோய். அதன் வித்துகள் வருடக்கணக்கில் செத்துப்போகாமல் கிடக்கும். பிளேடு கீறிய கன்னத்தில் பிரஷ் தேய்த்ததும் உள்ளே போய்விட்டன. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சிப்பாய்களும் பொதுமக்களுமாக இருநூறு பேருக்கு மேல் நோய் கண்டது, பலர் இறந்தார்கள். பிரிட்டன் 1920-இல் ஜப்பானிலிருந்து சவர பிரஷ் வருவதையே தடை செய்தது.

இன்று கடைக்கு வரும் பன்றி முடி கொதிநீரில் வெந்து, கிருமி நீங்கி வருகிறது. இருந்தாலும் புது பிரஷை வாங்கியதும் சோப்பு நுரையில் ஊற வைத்துக் கழுவுவதும், ஒருவர் பிரஷை இன்னொருவர் தொடாதிருப்பதும் சரியான பழக்கங்களே. 1986-இல் எச்.ஐ.வி. இந்தியாவில் இருப்பது சென்னையில்தான் முதலில் கண்டறியப்பட்டது. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் நம் சலூன்கள் தீட்டுகிற கத்தியை விட்டு ஆளுக்கு அரை பிளேடு என்று மாறின. பிரஷ் மட்டும் பழையபடி ஊர்ப்பொதுவாகவே நின்றுவிட்டது. கத்திக்குக் கிடைத்த கவனம் பிரஷுக்குக் கிடைக்காததை இவ்வாய்வு வருத்தத்தோடு குறிக்கிறது.

வெடிப்பியல்

இனி மையப் பொருளுக்கு வருவோம்.

மரப் பிடி வெடிப்பதற்குத் தண்ணீர் காரணம் என்று பொதுமக்கள் நம்புகிறார்கள். பாதி உண்மை. தண்ணீருக்குள்ளேயே கிடக்கிற மரம் எளிதில் வெடிப்பதில்லை. கிணற்றடியில் புதைந்து கிடந்த மரச்சட்டம் தோண்டி எடுத்து வெயிலில் போட்ட பிறகுதான் பிளக்கும். மரத்தைக் கெடுப்பது நனைவதும் காய்வதும் மாறி மாறி வருவது. ஈரம் ஏறும்போது மரம் உப்பும், இறங்கும்போது சுருங்கும். அதையாவது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் செய்கிறதா என்றால் இல்லை. நீளவாக்கில் அசைவே தெரியாது. குறுக்கில் அசையும், அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கிலேயே ஏற்படும் அசைவு, நடுவிலிருந்து வெளிநோக்கிய அசைவைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒரே கட்டைக்குள் இரண்டு பேர் இரண்டு வேகத்தில் இழுத்தால் நடுவில் இருப்பவன் கிழிவான். கூட்டுக்குடும்பம் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இது போதாதென்று குழிக்குள் குஞ்சம் வேறு உட்கார்ந்திருக்கிறது. முடி என்பது கெரட்டின் புரதம்; தண்ணீரை நன்றாகக் குடிக்கும். நனைந்த முடி நீளத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் கூடும். பருமனிலோ நூற்றுக்குப் பதினைந்து வரை கூடும். ஒரு முடி பருத்தால் யாருக்கும் தெரியாது. ஆயிரக்கணக்கான முடி ஒரே குழியின் வாயில் நின்று ஒரே நேரத்தில் பருத்தால் அவ்வளவு நெருக்கமும் விளிம்பின் மேல் விழும். விளிம்புச் சுவரோ சில மில்லிமீட்டர். உள்ளே இருந்து முடி தள்ள, வெளியே மரம் நனைந்து உப்பி, மறுநாள் காய்ந்து சுருங்க, ஒரு நாள் காலையில் “டிக்” என்று ஒரு சத்தம். குளியலறைப் பல்லி என்று நினைத்து நாம் சகுனம் பார்த்துக்கொண்டிருப்போம். நற்றிணைப் பன்றி செய்த அதே தவறு.

இவ்வளவுக்கும் காரணமான கருவி எது? அது மக். சென்னைக் குளியலறையில் வாளிக்குள் மிதக்கும் அந்த பிளாஸ்டிக் மக். வீட்டு ஆண்மகன் காலையில் செய்வது இது: மக்கில் வெந்நீர் மொண்டு, பிரஷைத் தலைகீழாக அதற்குள் போட்டு, பேப்பர் படிக்கப் போய்விடுவான். மக் ஆழமானது, பிரஷ் கழுத்து வரை, சில வீடுகளில் கால்வரை முழுகும். அவன் ஆவடி அரசியலையும் அமெரிக்க அரசியலையும் முடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் குஞ்சமும் மரமும் தாராளமாகக் குடித்திருக்கும். பிறகு மழித்து, அவசரமாக அலசி, ஈரத்தோடு மூடியுள்ள டப்பாவிலோ வெயிலடிக்கும் ஜன்னல் திட்டிலோ வைத்துவிட்டு ஆபீஸ் போவான்.

சலூனில் மக் கிடையாது. ஒரு சின்னக் கிண்ணம், அதில் விரல்கடை அளவு தண்ணீர். ஆய்வுச் சிக்கலுக்கு விடை அந்தக் கிண்ணத்தில்தான் இருந்தது. சன்னதித் தெரு ஓரமாகக் கடை வைத்திருக்கும் முதன்மைத் தகவலாளியிடம் விளக்கம் கேட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே சொன்னார்:

“சார், பிரஷ்ஷ குளிப்பாட்டக் கூடாது. மூஞ்சி மட்டும் கழுவி விடணும்.”

பல பக்கங்களில் நான் எழுத நினைத்ததை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். ஆய்வேட்டின் நீளம் கருதி அதை நான் விரித்துரைக்க வேண்டியிருக்கிறது. முடியின் நுனிப் பாதி நனைந்தால் போதும். அகலமான டம்ளரில் இரண்டு விரல் உயரத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, குஞ்சத்தின் கழுத்து மேலே நிற்கும்படி சில நிமிஷம் வைத்தால் பன்றி முடி இளகிவிடும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். அது முடியையும் கெடுக்கும், அடிப் பசையையும் தளர்த்தும். எடுத்ததும் ஒரு பிழி பிழிந்துவிட வேண்டும். பன்றி முடி வேண்டிய அளவுக்கு மேலேயே குடிக்கிற குணமுள்ளது. பிழியாவிட்டால் நுரைக்குப் பதில் பால் வடியும்.

நேர்மைக்காக ஒன்றையும் சொல்ல வேண்டும். இன்றைய சலூன் பிரஷ்களில் பல நைலான் முடியும் பிளாஸ்டிக் பிடியும் கொண்டவை. 1938-இல் டூபாண்ட் கம்பெனியின் நைலான் பல் துலக்கும் பிரஷுக்கு வந்ததிலிருந்தே பன்றிக்குப் பின்னடைவு தொடங்கிவிட்டது. ஆனால் பிளாஸ்டிக் வெடிக்காது என்று நினைக்க வேண்டாம்.

எண்ணெயும் எலுமிச்சையும்

மலிவான பிரஷ்களின் பளபளப்பான பிடி பெரும்பாலும் பாலிஸ்டைரீன். இந்த பிளாஸ்டிக்குக் கொழுப்பும் எண்ணெயும் ஆகாது. உள்ளுக்குள் ஏற்கெனவே இழுவிசையில் இருக்கிற பிளாஸ்டிக்கில் எண்ணெய் பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் கிளம்பி, நாளடைவில் முழு விரிசலாகும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு பிரஷைப் பிடிப்பது தமிழ்க் குடும்பங்களில் சர்வசாதாரணம். பிடியில் சிலந்தி வலை போல் கோடு விழுந்திருந்தால் தண்ணீரைத் திட்டுவதற்கு முன்னால் தலையைத் தடவிப் பார்க்கவும்.

மரத்துக்கோ எண்ணெய் மருந்து. அதிலும் தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகிப் படலமாகும். நன்றாகக் காய்ந்த பிடியில், முக்கியமாகக் குழியின் விளிம்பிலும் அடிப்பக்கத்து வெட்டுமுகத்திலும், மெல்லிசாகப் பூசித் துடைத்து, நன்றாக இறுகும் வரை காயவிட்டால் தண்ணீர் உள்ளே ஏறுவது மட்டுப்படும். வெட்டுமுகம் ஏன் முக்கியம் என்றால், மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து நீரேற்றிய குழாய்களெல்லாம் வாய் திறந்து நிற்கும் இடம் அது. தச்சர்களுக்கு இது பாலபாடம். மரத்துக்கு ஊட்டிய எண்ணெயை பிளாஸ்டிக்குக் காட்டாதே என்பது இந்த இயலின் பிழிவு.

அடுத்து உப்புத் தண்ணீர். நம் மேற்குப் புறநகரில் போர் தண்ணீர் பல தெருக்களில் கடினமானது. பக்கெட்டின் உள்ளே வெள்ளை வளையம் கட்டியிருப்பதைப் பார்த்தாலே தெரியும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சவர சோப்பின் ஸ்டியரிக் அமிலத்தோடு சேர்ந்து கரையாத அழுக்காகி, குஞ்சத்தின் அடியில் போய்க் கெட்டியாக உட்காரும். முடி அங்கே முறியத் தொடங்கும். ஈரமும் காயாமல் தேங்கும். முடி உதிர்கிற பிரஷ்களில் பன்றியைக் குறை சொல்வதைவிடத் தண்ணீரைக் குறை சொல்வது நியாயம்.

அழுக்கைக் கரைக்க ஒரு பங்கு வினிகருக்குப் பல பங்கு தண்ணீர் கலந்து, நுனி மட்டும் படும்படி சில நிமிஷம் வைத்து, விரலால் அளைந்து, நல்ல தண்ணீரில் அலசலாம். எலுமிச்சைச் சாறும் அதே வேலையைச் செய்யும். திருவேற்காட்டில் எலுமிச்சைக்குப் பஞ்சமா? அம்மன் கழுத்தில் மாலை மாலையாக இருக்கிறது. ஆனால் இங்கே இரண்டு எச்சரிக்கை. ஒன்று, எலுமிச்சைத் தோலில் உள்ள எண்ணெய் பாலிஸ்டைரீனைக் கரைத்தே விடும். தெர்மோகோல் துண்டில் தோலைப் பிழிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சாறு மட்டும்தான், தோலோடு தேய்க்கக் கூடாது. இரண்டாவது, அர்ச்சனைத் தட்டில் வந்த பிரசாத எலுமிச்சையைப் பன்றி முடிக்குப் பிழிவதற்கு முன் அம்மா எங்கே இருக்கிறார் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவது எச்சரிக்கைக்கு வேதியியல் அடிப்படை கிடையாது.

வடகலை, தென்கலை

அலசி முடித்த பிரஷை எப்படிக் காய வைப்பது? இதில் இரண்டு சம்பிரதாயம். ஆவடியில் ராணுவ ஹவில்தாராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற இரண்டாம் தகவலாளி, கேண்டீனில் வாங்கிய பிரஷை ஆணியில் தலைகீழாகத் தொங்கவிடுகிறார். தண்ணீர் கீழே இறங்கிவிட வேண்டும், குழிக்குள் போகக் கூடாது என்பது அவர் சித்தாந்தம். “தம்பி, துப்பாக்கியும் பிரஷும் ஒண்ணு. ஈரத்தோட வச்சா தூக்கத்துல கெடும்” என்றார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பிரஷைப் பிடி கீழாக நிறுத்தி வைக்கிறார். முடிகளுக்கிடையில் நிற்கும் ஈரத்தை நுண்துளை ஈர்ப்பு பிடித்து வைத்திருக்கும்போது புவியீர்ப்பு என்ன செய்துவிடும் என்பது அவர் வாதம். காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இருவரும் இதைப் பேசி முடித்தபாடில்லை.

என் தீர்ப்பு வாத்தியார் பக்கம் சாய்கிறது. ஹவில்தாரிடம் இதைச் சொல்ல வேண்டாம். உதறி, துண்டில் ஒற்றி எடுத்தபின் மிச்சமிருப்பது சொட்டும் தண்ணீர் அல்ல, ஒட்டிய ஈரம். அதை எடுத்துப் போவது காற்றுதான். தொங்கினாலும் நின்றாலும் காற்று பட்டால் காயும். மூடிய டப்பாவில் இரண்டும் நாறும். முறுக்கிப் பிழிவது மட்டும் இரண்டு சம்பிரதாயத்துக்கும் பொதுவான மகாபாவம். அடிமுடி அறுந்து வரும்.

வெயில் பற்றி ஒரு சொல். கத்திரி நேரத்தில் ஈர பிரஷை மொட்டைமாடியில் வைத்தால் மேல்தோல் முதலில் சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், விளிம்பு பிளக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை நேர்மாறு: கூவமே ததும்பி ஓடுகிற நாட்களில் குளியலறை பிரஷ் எப்படிக் காயும்? ஃபேன் சுற்றும் அறைக்கு அதைக் கொண்டுவந்து வைப்பதுதான் வழி. அம்மா அனுமதித்தால்.

இங்கேதான் நம் பழைய பஞ்சாங்க ஒழுங்கின் மேல் எனக்கு மரியாதை கூடியது. செவ்வாயும் வெள்ளியும் வீட்டில் சவரம் கூடாது என்பது பெரியவர்கள் சட்டம். தமிழ்நாட்டு சலூன்களுக்கோ செவ்வாய்க்கிழமைதான் விடுமுறை. சாஸ்திரத்தை விடுங்கள், பிரஷின் கண்ணில் பார்த்தால் வாரத்தில் இரண்டு நாள் முழு ஓய்வு, அடியோடு காய்வதற்கு அவகாசம். அடர்ந்த குஞ்சத்தின் நடுப்பகுதி ஒரே ராத்திரியில் காய்ந்துவிடாது. தினம் மழித்தே ஆக வேண்டிய உத்தியோகக்காரர்கள் இரண்டு பிரஷ் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எடுப்பதும் இதற்குத்தான். இரண்டு பிரஷ் வாங்க மனமில்லாதவர்கள் பக்திமான்கள் ஆகலாம். செலவு குறைவு.

சிகிச்சை

ஏற்கெனவே வெடித்துவிட்ட பிடிக்கு நம்மவர்கள் முதலில் தேடுவது ஃபெவிக்விக். உடனே ஒட்டும், ஆனால் இறுகியதும் நொறுங்கும் தன்மையுள்ளது; தினம் ஈரமும் சூடும் படும் இடத்தில் நெடுநாள் நிற்காது. பிரஷை ஒரு வாரம் தொடாமல் காயவிட்டு, விரிசல் வாயை மெல்ல விரித்து, அரால்டைட் போன்ற இரண்டு ட்யூப் பசையைக் குண்டூசி நுனியால் உள்ளே செலுத்தி, சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டிச் சுற்றி இறுக்கிக் கட்டி, ஒரு நாள் முழுக்க விட வேண்டும். பிதுங்கியதைப் பிளேடால் சீவி, உப்புத்தாளில் தேய்த்து, மேலே வார்னிஷ். ஈரமாக இருக்கும்போது விரிசல் மூடிக்கொண்டு சரியாகிவிட்டது போலத் தெரியும். அதை நம்பி அப்போதே ஒட்டினால் காய்ந்ததும் பக்கத்தில் புதிதாக ஒன்று திறக்கும்.

குஞ்சமே கழன்று வந்துவிட்டால் அது கேடு அல்ல, வாய்ப்பு. குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்து புதுப்பிடியில் உட்கார வைக்கலாம். 1960-களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கத்தில்தானே இருக்கிறது. அங்கே லேத் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் பித்தளையில் ஒரு பிடி கடைந்து தரும்படி கேட்டேன். மரம்போல் உப்பாது, பிளாஸ்டிக் போல் எண்ணெய்க்கும் அஞ்சாது என்றேன். குஞ்சத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தவர், ஒரு டிரம் நிறைய புஷ் கடைவதைவிட இதற்கு நேரம் பிடிக்கும் என்றும், இதே காசுக்கு ஒரு டஜன் பிரஷ் வாங்கலாம் என்றும் சொன்னார். பொருளாதாரம் இவ்வாய்வின் எல்லைக்குள் வராது என்று விளக்கினேன். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.

மேலாய்வுக்குரிய களங்கள்

சோப்பு டப்பாவின் அடியில் தண்ணீர் தேங்குவது ஏன், அது வடிவதற்கென்றே போட்ட ஓட்டை எப்போதும் அடைத்துக்கொள்வது ஏன், வாளியில் மிதக்கும் மக் எப்போதும் கைக்கு எட்டாத பக்கத்துக்கே நகர்வது ஏன் என்பன தனித்தனி முனைவர் பட்டங்களுக்குரியவை. வாத்தியாரும் ஹவில்தாரும் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். மூன்றாவது தலைப்பு காலியாக இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் செவ்வாய், வெள்ளி தவிர்த்த நாட்களில் அணுகலாம்.